முடிவை எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடாதீர்கள்

சங்கம், அலுவலகம், அறக்கட்டளை, நிர்வாகக் குழு என்று பல இடங்களில் தலைவராகவும் செயலாளராகவும் மேலாளராகவும் இருந்து கூட்டங்களைக் கூட்டுகிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கூட்டங்களை நடத்திக்கொடுக்கிறவன். அழைப்பிதழில் நெறியாளர் என்று போடுகிறீர்கள், சில சமயம் ஒருங்கிணைப்பாளர் என்று போடுகிறீர்கள். ஒருமுறை சிறப்பு விருந்தினர் என்று போட்டுவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என் உரைக்காகக் காத்திருந்தார்கள். நான் பேச வரவில்லை, உங்களைப் பேசவைக்க வந்திருக்கிறேன் என்று புரியவைப்பதற்கே அரை மணி நேரம் போனது.

இந்த மடலுக்குக் காரணம் ஒரு பழைய கூட்டம். ஒரு நிறுவனத்தில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கலாமா என்று பேசுவதற்காக முப்பது பேரை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தோம். சின்னக் குழுக்களாகப் பிரித்தேன், அட்டைகளில் எழுதச் சொன்னேன், சுவர் நிறைய ஒட்டினோம். மதியத்துக்கு மேல் வாக்குவாதம் சூடுபிடித்தது. மூத்த பணியாளர் ஒருவர் எழுந்து, இணைத்தால் எந்தெந்த வேலை எந்த இடத்தில் சிக்கும் என்று புட்டுப் புட்டு வைத்தார். அவர் கூட்டங்களில் வாயே திறக்காதவர் என்று அப்புறம் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது, இணைப்பு உத்தரவு கூட்டத்துக்கு முந்தின வாரமே கையெழுத்தாகிவிட்டது. ‘ஊழியர்களின் கருத்தும் கேட்கப்பட்டது’ என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதற்காக அந்த நாள் முழுவதும் செலவாகியிருந்தது. அந்த மூத்த பணியாளரைப் பிறகு ஒருமுறை பார்த்தேன். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அவர் நம்பியதாகத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: இதில் எது இன்னும் முடிவாகவில்லை? தேதி, இடம், எத்தனை பேர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கேள்விக்கு உங்களில் பலர் தரும் பதில், “எல்லாமே திறந்த மனதோடு பேசலாம்” என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி எந்த இடமும் இல்லை. பட்ஜெட் முடிவாகியிருக்கும், கெடு முடிவாகியிருக்கும், மேலிடத்தில் யாருக்கோ வாக்கு கொடுத்திருப்பீர்கள். அதில் தப்பே இல்லை. முடிவானது இன்னது, முடிவாகாதது இன்னது என்று கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். “இடம் மாறுவது உறுதி. எப்போது, எந்த வரிசையில், யார் முதலில் என்பது இந்த அறையில் முடிவாகும்” என்று சொன்ன ஒரு மேலாளரை எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு இருந்தது. அதற்கப்புறம் நடந்த வேலை, ‘திறந்த மனதோடு’ என்று ஆரம்பித்த எந்தக் கூட்டத்திலும் நான் பார்க்காதது.

அதோடு சேர்த்து, முடிவு யாருடையது என்பதையும் சொல்லிவிடுங்கள். தகவல் சொல்லக் கூட்டுகிறீர்களா, ஆலோசனை கேட்டுவிட்டு நீங்கள் முடிவெடுக்கப் போகிறீர்களா, எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கிறீர்களா, இல்லை முடிவையே அவர்களிடம் விட்டுவிடுகிறீர்களா? நாலுமே மரியாதையான வழிகள்தான். ஆலோசனைக்கு வந்தவர் வாக்களிக்க வந்ததாக நினைத்துக்கொள்ளும்போதுதான் மனக்கசப்பு வருகிறது. தகவல் மட்டும் சொல்வதாக இருந்தால் கூட்டமே வேண்டாம், எழுதி அனுப்புங்கள். இதைச் சொல்லி நானே இரண்டு மூன்று வாய்ப்புகளை இழந்திருக்கிறேன்.

சரி, இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. அது நீங்கள் எப்போது பேசுகிறீர்கள் என்பது.

பெரும்பாலான கூட்டங்கள் தலைவர் உரையோடுதான் தொடங்குகின்றன. வரவேற்புரை முடிந்ததும் நீங்கள் எழுந்து, “என் கருத்தைத் திணிக்க விரும்பவில்லை, ஆனாலும் என்னைக் கேட்டால்...” என்று ஆரம்பிக்கிறீர்கள். அங்கேயே கூட்டம் முடிந்துவிட்டது. மீதி இரண்டு மணி நேரமும் நீங்கள் சொன்னதை வேறு வேறு வார்த்தைகளில் நீங்களே திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு பக்கத்திலிருக்கும் மூன்றில் எது என்று கேட்டார். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். தனியாகக் கேட்டபோது நூற்றுக்கு ஒரு பதில்கூடத் தவறாக வரவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட ஆட்கள் வரிசையாக ஒரே தவறான பதிலைச் சொன்ன பிறகு கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பதில்கள் அவர்களோடு சேர்ந்து தவறாகின. கலந்துகொண்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கும்பலோடு போனார்கள். இத்தனைக்கும் அங்கே யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை, பதவி உயர்வு இல்லை, எதிரே இருந்தது வெறும் கோடுகள். உங்கள் கூட்டத்தில் எதிரே இருப்பது நீங்கள்.

அதே சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், அப்படிக் கும்பலோடு போகும் தவறுகள் சுமார் கால்வாசியாகக் குறைந்துவிட்டன. மாற்றுக்கருத்து சொல்கிற ஒருவரை ‘எப்போதும் முட்டுக்கட்டை போடுகிறவர்’ என்று நீங்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். அவர் சொல்வது தவறாகவே இருக்கலாம், ஆனால் அவர் பேசுவதால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வருகிறது.

எனவே கடைசியாகப் பேசுங்கள். முடியாவிட்டால், முதல் ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு அப்புறம் வாருங்கள். நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் புருவம் பேசும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நான் நடத்திய ஒரு கூட்டத்தில் தலைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொருவர் பேசும்போதும் பேனாவைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். யார் பேசியபோது குறிக்கவில்லை என்று அறை முழுக்கக் கணக்கு வைத்திருந்தது.

மூன்றாவதாக, அமைதியைக் கண்டு பயப்படாதீர்கள். நான் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்தும்போது, “என்னப்பா, யாராவது சொல்லுங்க” என்று நீங்கள் உதவிக்கு வருகிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசிய மாணவர்கள் அதிகரித்தார்கள். கூட்டத்தில் நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். ஏழு, எட்டில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். பெரும்பாலும் அது அதுவரை பேசாத ஒருவர்.

அதைவிட நல்லது, பேசுவதற்கு முன் எழுதவைப்பது. எல்லோரும் உட்கார்ந்து வாய்விட்டு யோசனைகளைக் கொட்டினால் நிறையக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற விளம்பரத்துறைக்காரர் பரப்பினார். யேல் பல்கலைக்கழகத்தில் 1958இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து பேசியபோது கிடைத்ததைவிட, அதே போன்ற நாலு பேர் தனித்தனியாக யோசித்து எழுதியதைச் சேர்த்தபோது யோசனைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தன. காரணம் பெரிய மர்மமில்லை. ஒருவர் பேசும்போது மற்ற மூன்று பேரும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது சொல்ல வந்தது மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தகுதியில்லாததாகத் தோன்றிவிடுகிறது. ஆகவே நான் “ஐந்து நிமிடம், ஆளுக்கொரு தாள், யாரும் பேச வேண்டாம்” என்று சொல்லும்போது, இதென்ன பரீட்சையா என்று தயவுசெய்து சிரிக்காதீர்கள். நீங்கள் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள், யாரும் எழுத மாட்டார்கள்.

எழுதவைக்கும்போது நான் கேட்கிற கேள்வியும் முக்கியம். “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டால் எல்லோரும் ஒரே கருத்தைத்தான் எழுதுவார்கள். “இந்த விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்து, இங்கே மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது எது?” என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த தகவலையே திரும்பத் திரும்பப் பேசுகின்றன. ஒருவர் கையில் மட்டும் இருக்கிற தகவல், அதுதான் முடிவையே மாற்றக்கூடியது என்றாலும், மேசைக்கு வராமலே போய்விடுகிறது. அந்த மூத்த பணியாளரிடம் இருந்தது அந்த வகைத் தகவல்தான். அதைக் கேட்பதற்காகத்தானே இத்தனை பேரை ஓர் அறையில் கூட்டுகிறோம். தெரிந்ததையே பேசுவதற்கு மூன்று பேர் போதும்.

நிகழ்ச்சி நிரல் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்புகிற நிரல்களில் பாதி வெறும் பெயர்ச்சொற்கள்: ‘நிதிநிலை’, ‘ஆண்டு விழா’, ‘கட்டடம்’. கட்டடத்தை என்ன செய்ய வேண்டும்? கட்டவா, இடிக்கவா, வெள்ளையடிக்கவா? ‘கட்டடப் பழுதை இந்த ஆண்டே பார்ப்பதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதா என முடிவெடுத்தல்’ என்று எழுதினால் வருகிறவர் வீட்டிலேயே யோசித்துவிட்டு வருவார். வரிசையும் முக்கியம். பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1957இல் கிண்டலாக ஒரு குழுவை வர்ணித்தார். அணு உலைக்கான செலவை இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு, அந்தக் குழு சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதித்ததாம். உலையைப் பற்றி யாருக்கும் தெரியாது, கொட்டகையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கிண்டல்தான், ஆனால் மினிட்ஸ் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் சிரிப்பு வராது. கனமான விஷயத்தை முதலில் வையுங்கள், எல்லோரும் தெளிவாக இருக்கும்போதே. ‘தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்’ என்ற கடைசி வரியில் எதையாவது ஒளித்துவைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும் நேரத்தில் நிறைவேறிய தீர்மானங்கள்தான் அடுத்த கூட்டத்தில் சண்டையாக வெடிக்கின்றன.

அதிகம் பேசுபவர்களை என்ன செய்வது என்று உங்களில் நிறையப் பேர் என்னிடம் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். “அவரை எப்படியாவது அடக்கிவையுங்கள்” என்பீர்கள். அடக்கும் வேலை எனக்குத் தெரியாது. ஒருவர் சொன்னதையே மூன்றாவது முறை சொல்கிறார் என்றால், முதல் முறை சொன்னது எங்கேயும் பதிவாகவில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது. அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே பலகையில் எழுதி, “இதுதானே, சரியாக எழுதியிருக்கிறேனா?” என்று கேட்பேன். பத்தில் ஏழெட்டு முறை அத்தோடு உட்கார்ந்துவிடுவார். தலைப்புக்குச் சம்பந்தமில்லாத விஷயமென்றால் பலகையின் ஓரத்தில் தனியாகக் குறித்துவைப்பேன். கடைசியில் அந்த ஓரப் பட்டியலுக்குத் திரும்ப வருவதுதான் முக்கியம். வராவிட்டால் அது குப்பைத்தொட்டி என்று அடுத்த முறையே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இன்னும் சிலர் நிற்க மாட்டார்கள், உண்மைதான். அதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளரை 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் திடீரென்று தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் நடத்துவது எப்படி என்று மனிதருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் குழம்பிப்போனது. அந்த அவமானத்தில் படிக்க ஆரம்பித்தவர், 1876இல் கூட்ட விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். பல அமைப்புகள் இன்றும் அவற்றைத்தான் பின்பற்றுகின்றன. அதில் ஒன்று: ஒரு தீர்மானத்தின் மேல் இதுவரை பேசாத ஒருவர் பேச விரும்பும்வரை, ஏற்கெனவே பேசியவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. நான் இதைக் கூட்டத்தின் ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுவேன். அப்புறம் யாரையும் அடக்க வேண்டியதில்லை, விதியை நினைவுபடுத்தினால் போதும். அந்த விதி உங்களுக்கும் பொருந்தும். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

இணையவழிக் கூட்டங்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். ஒன்றே ஒன்று மட்டும்: பாதிப் பேர் ஒரே அறையிலும் மீதிப் பேர் திரையிலும் இருந்தால், திரையில் இருப்பவர்களை முதலில் பேசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கூட்டத்தைப் பார்க்க வந்தவர்களாகவே இருந்துவிட்டுப் போவார்கள்.

இப்போது முடிவெடுக்கும் கட்டத்துக்கு வருவோம். “என்ன, எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று நீங்கள் கேட்கும் அந்தக் கேள்வியை நான் பலமுறை கெஞ்சிக் கேட்டு நிறுத்தியிருக்கிறேன். அதற்கு ஒரே பதில்தான் உண்டு, தலையாட்டல். தலையாட்டியவர் மாடிப்படி இறங்கும்போதே, “இது நடக்காதுப்பா” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். நான் விரல் கணக்கு வைப்பேன். முழு மனதோடு ஆதரிக்கிறவர் ஐந்து விரல், சரி, இதோடு வாழ்ந்துகொள்ளலாம் என்பவர் மூன்று, ஒப்புக்கொள்ளவே முடியாதவர் மூடிய கை. எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் காட்டக் கூடாது. ஒன்று, இரண்டு காட்டியவர்களிடம், “என்ன மாற்றினால் மூன்றுக்கு வருவீர்கள்?” என்று கேட்பேன். பெரும்பாலும் சின்ன மாற்றமாக இருக்கும், ஒரு தேதி, ஒரு நிபந்தனை, யாரிடமோ முன்கூட்டிச் சொல்வது. சில சமயம் அந்த ஒருவர் சொல்லும் காரணத்தால் மற்றவர்கள் கைகளும் கீழே இறங்கும். அப்போது உங்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நல்ல வேளை, அந்தக் காரணம் அறைக்குள்ளேயே வெளிவந்தது.

பெரிய முடிவாக இருந்தால் இன்னொன்றும் செய்வேன், கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொன்னது. “ஒரு வருடம் கழிந்துவிட்டது, நாம் எடுத்த முடிவு படுதோல்வி. ஏன் தோற்றது, எழுதுங்கள்.” ‘இதில் ஏதாவது ஆபத்து இருக்கிறதா?’ என்று கேட்டால் விசுவாசம் குறுக்கே வருகிறது. தோற்றே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு காரணம் கேட்டால், குறை சொல்வதே அங்கே கொடுக்கப்பட்ட வேலை ஆகிவிடுகிறது, எவரும் தயங்குவதில்லை. அபசகுனமாகப் பேசுகிறேன் என்று ஒரு செயலாளர் கோபித்துக்கொண்டார். அவருடைய தாளில்தான் அதிகமான காரணங்கள் இருந்தன.

கடைசிப் பதினைந்து நிமிடத்தை எனக்கு விட்டுக்கொடுங்கள். நன்றியுரையைச் சுருக்கிக்கொள்ளலாம். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் உரக்கப் படித்து, பெயர் வந்தவர் தன் வாயால் ‘சரி’ என்று சொன்ன பிறகே எழுத வேண்டும். ‘குழு பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதினால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்த மினிட்ஸ் மறுநாளே எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். மூன்று வாரம் கழித்து வருகிற மினிட்ஸில், நடந்ததைவிட நடந்திருக்க வேண்டியதுதான் அதிகம் இருக்கும்.

சில வேலைகளை என்னிடம் கேட்காதீர்கள் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கூட்டம் முடிந்து என்னைத் தனியே அழைத்து, “அந்த அட்டையை எழுதியது யார்?” என்று கேட்காதீர்கள். கையெழுத்து எனக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லத் தயங்குகிற கெட்ட செய்தியை என் வாயால் சொல்லவைக்காதீர்கள். நடத்துகிற வேலையையும் குறிப்பெடுக்கிற வேலையையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், தலை குனிந்து எழுதுகிறவனுக்கு அறை தெரியாது. எனக்கு அந்த விஷயத்தில் சொந்தமாக ஒரு கருத்து இருந்தால், அதை முதலிலேயே சொல்லி விலகிக்கொள்ள என்னை அனுமதியுங்கள். பலகையில் எழுதும் பேனா என் கையில் இருக்கிறது, எனக்குப் பிடித்ததைக் கொஞ்சம் பெரிதாக எழுதிவிடுவேன் என்று எனக்கே என் மேல் சந்தேகம் உண்டு.

அடுத்த மாதத்துக்கு மூன்று கூட்டங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூன்று பேருக்கும் பதிலாக ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: எது இன்னும் முடிவாகவில்லை என்று ஒரு பத்தியில் எழுதி அனுப்புங்கள். ஒருவர் உடனே எழுதி அனுப்பிவிட்டார். இன்னொருவர், எழுத உட்கார்ந்த பிறகுதான் கூட்டமே தேவையில்லை என்று தெரிந்தது என்று தொலைபேசியில் சொன்னார். மூன்றாமவர் இன்னும் பதில் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களில் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருவன்